டிஜிட்டலுக்கு மாறினால் கம்பெனிகளின் இஎஸ்ஜி மேம்படுமா? திருப்பூரிலிருந்து ஒரு பதில்

கோவையில் எம்பிஏ படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "டிஜிட்டலுக்கு மாறும் கம்பெனிகளில் இஎஸ்ஜி, அதாவது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றுமே மேம்படுகிறது என்று நான் படித்த கட்டுரைகள் எல்லாம் சொல்கின்றன. களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள், உண்மையிலேயே அப்படி நடக்கிறதா, இல்லை அறிக்கை மட்டும் அழகாகிறதா?"

நான் 14 வருடமாகத் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு கம்ப்ளையன்ஸ் வேலை, அதாவது சட்டமும் பையரும் (துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகள்) கேட்கும் விதிகளைப் பின்பற்ற வைக்கும் வேலை பார்க்கிறேன். பையர் அனுப்பும் ஆடிட்டருக்கு ஃபைல் அடுக்கி வைப்பதில் தொடங்கினேன், இப்போது அந்த ஃபைல்கள் எல்லாம் போர்ட்டலுக்குள் போய்விட்டன. என் அனுபவத்தில் இரண்டுமே நடக்கிறது. எந்த இடத்தில் எது நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பது சாஃப்ட்வேரின் தரம் இல்லை. அளந்து வரும் எண் யார் கைக்குப் போகிறது, அந்த எண்ணால் பாதிக்கப்படுபவர் அதைப் பார்க்க முடிகிறதா, தப்பான எண் கொடுத்தால் யாருக்கு நஷ்டம், இவைதான் தீர்மானிக்கின்றன. இதைச் சும்மா சொன்னால் கருத்தாகப் போய்விடும், அதனால் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

முதலில் தண்ணீர், ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லாமே அங்கிருந்துதான் ஆரம்பம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலில் சாயக்கழிவு கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயத் தண்ணீர் தேங்கும் இடமாக மாறிப்போனது. அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளின் கிணற்றுத் தண்ணீர் உப்பானது, மண் கெட்டது, அவர்கள் வழக்குப் போட்டார்கள். வருடக்கணக்கில் நடந்த அந்தப் போராட்டத்தின் முடிவில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உத்தரவு போட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அதற்கப்புறம்தான் ஆர்ஓ (சவ்வு வழியாகத் தண்ணீரை வடிகட்டும் முறை), எவாப்பரேட்டர் (மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் கருவி), உப்பைத் திரும்ப எடுக்கும் முறை எல்லாம் உண்மையிலேயே ஓட ஆரம்பித்தன. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் ஊர் இது, சாயத் தண்ணீரில் பெரும்பகுதியைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்று பையரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறது.

இதில் டிஜிட்டல் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அந்த உத்தரவு வாங்கியபோது எந்த சென்சாரும் கிடையாது. அளவுகோலாக இருந்தது விவசாயியின் கிணறு. மீட்டர் பின்னால்தான் வந்தது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் கழிவுநீரையும் புகையையும் ஆன்லைனில் தொடர்ந்து அளந்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. ஜீரோ டிஸ்சார்ஜ் யூனிட்டுகளுக்கு, அதாவது கழிவுநீரை வெளியே விடாதவற்றுக்கு, ஃப்ளோ மீட்டரும் கேமராவும். பிஹெச் (அமில, காரத் தன்மை), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு), தண்ணீரின் அளவு எல்லாம் தானாகவே வாரியத்தின் சர்வருக்குப் போய்விடும். பேப்பரில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு யூனிட்டுக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். ஆபீஸ் அறையில் பெரிய திரை, அதில் பிஹெச் 7.2 என்று பச்சை எழுத்தில் நிற்கிறது. முந்தைய நாள் ரிப்போர்ட்டைத் திறந்தேன், 7.2. அதற்கு முந்தைய நாளும் 7.2. ஓடுகிற தண்ணீரில் பிஹெச் இப்படி நிற்காது, ஒரு டேங்க் காலியாகி அடுத்த டேங்க் வரும்போதே ஏறி இறங்கும். கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். சென்சார் முனையைக் குழாயிலிருந்து கழற்றி, ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட்டில் நல்ல தண்ணீருக்குள் போட்டு வைத்திருந்தார்கள். பக்கெட்டின் மேல் தூசி விழாமல் ஒரு அட்டைத் துண்டு வேறு. ஆபரேட்டர் பையனுக்கு இருபது வயது இருக்கும். "அலாரம் அடிச்சுட்டே இருந்துச்சுங்க சார், மேனேஜர்தான் எடுத்து இதுல வைக்கச் சொன்னாருங்க" என்றான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அலாரம் அடித்தால் திட்டு வாங்குவது அவன், வாரியத்துக்கு விளக்கம் எழுதுவது மேனேஜர், ஆனால் அந்த 7.2ஐ நம்பிக்கொண்டிருக்கும் கீழ்ப்பாசன விவசாயி அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை.

அதே சமயம், மீட்டர் அற்புதமாக வேலை செய்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். சாயப்பட்டறையில் பெரிய விரயம் ரீ-டையிங். ஷேட் தப்பினால் அதே துணியைத் திரும்ப மெஷினில் போட வேண்டும்; தண்ணீர், நீராவி, உப்பு, சாயம், கரண்ட், எல்லாமே இன்னொரு முறை. முன்பு லேப் டிப் (சாம்பிள் துணியில் ஏற்றிய சாயம்) பார்ப்பது மாஸ்டரின் கண், கலர் கலப்பது ஹெல்பரின் கை. இன்று ஸ்பெக்ட்ரோ கருவி ஷேடைப் படித்துச் சொல்கிறது, டோசிங் மெஷின் கிராம் கணக்கில் கலக்கிறது, மெஷினுக்கு மெஷின் ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. இரவு ஷிப்டில் வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் ஒழுகினால் காலையில் கிராஃப் காட்டிக்கொடுத்துவிடும். இதில் யாரும் சென்சாரைப் பக்கெட்டில் போடுவதில்லை. காரணம் எளிமையானது, இங்கே ஒவ்வொரு லிட்டரும் முதலாளியின் காசு. ஜீரோ டிஸ்சார்ஜ் வந்ததிலிருந்து உள்ளே எடுக்கும் தண்ணீரையெல்லாம் திரும்பச் சுத்திகரித்தே ஆக வேண்டும், எவாப்பரேட்டர் ஓட்டும் செலவு தலையைச் சுற்றவைக்கும். ஒரே ஊர், ஒரே மாதிரி சென்சார், ஆனால் எண் தப்பானால் நஷ்டம் யாருக்கு என்பது மாறியதும் நடத்தையே மாறிவிடுகிறது.

இன்னொன்றையும் அந்த மீட்டர்கள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தன. தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லரில் விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். ஆக ஆற்றைக் காப்பாற்றியதற்கு ஒரு பகுதி விலையைக் காற்று கொடுக்கிறது. தண்ணீர்க் கணக்கும் எரிபொருள் கணக்கும் வேறு வேறு நோட்டில் இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை. இரண்டும் ஒரே திரைக்கு வந்த பிறகுதான், எவாப்பரேட்டருக்குப் போகும் முன்பே ஆர்ஓவில் இன்னும் எவ்வளவு தண்ணீரை மீட்கலாம் என்ற பேச்சே ஆரம்பித்தது. இது டிஜிட்டலின் நிஜமான பலன், மனதாரச் சொல்கிறேன்.

என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம், இதை முறையாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். குஜராத்தில் சூரத் நகரில் 2019இல் புகைத் துகளுக்கு ஒரு சந்தை தொடங்கினார்கள். சுமார் 300 ஆலைகள், பெரும்பாலும் ஜவுளி ஆலைகள், எல்லாவற்றிலும் புகைபோக்கியில் தொடர்ந்து அளக்கும் கருவி. ஆனால் அவற்றில் ஏறத்தாழப் பாதி ஆலைகளுக்கு மட்டும், மொத்தமாக இவ்வளவுதான் விடலாம் என்ற வரம்பு வைத்து, மிச்சம் பிடித்தவர் விற்கலாம், மீறியவர் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் கட்டிய டெபாசிட்டிலிருந்து பிடித்தம் என்று ஏற்பாடு. மீதி ஆலைகளுக்குப் பழைய விதிமுறைதான். சந்தைக்குள் இருந்த ஆலைகளின் புகைத்துகள், மற்றவற்றைவிட 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. கருவி இரண்டு பக்கமும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். வித்தியாசம், ஒரு பக்கத்தில் அந்த எண்ணுக்குப் பண மதிப்பு இருந்தது.

அதற்கும் முன்பு அதே குஜராத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோஹிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோர் 473 ஆலைகளில் செய்த சோதனையை இஎஸ்ஜி படிக்கும் எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றுச்சூழல் ஆடிட்டருக்கு ஆலையே ஃபீஸ் கொடுக்கும் வழக்கமான முறையில், அளவீடுகள் எல்லாம் அனுமதித்த வரம்புக்குக் கொஞ்சம் கீழே வந்து கூட்டமாக நின்றன, எல்லா ஆலையும் பாஸ். யார் எந்த ஆலைக்குப் போவது என்று குலுக்கலில் தீர்மானித்து, ஃபீஸைப் பொது நிதியிலிருந்து கொடுத்து, சிலவற்றை மறுபடி அளந்து சரிபார்த்தபோது, பொய்யாக பாஸ் போடுவது 80 சதவீதம் குறைந்தது. அப்புறம் ஆலைகளும் மாசைக் குறைத்தன. இதில் புதிய தொழில்நுட்பமே இல்லை. ஆடிட்டருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் மாறியது. இந்த முடிவு 2013இல் வெளிவந்தது. இன்றைக்கும் எங்கள் ஊரில் பெரும்பாலான சமூக ஆடிட்டுகளுக்கு ஃபேக்டரிதான் பணம் கட்டுகிறது, அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சரி, சமூகப் பக்கம் வருவோம். எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி இதுதான்.

பனியன் கம்பெனிகளில் வேலையை நாள் கணக்கில் பேச மாட்டார்கள், ஷிப்ட் கணக்கில் பேசுவார்கள். "இந்த வாரம் தினம் ஒன்றரை ஷிப்ட்" என்றால் 12 மணி நேர வேலை என்று அர்த்தம். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் இதற்கு இரண்டு ரெஜிஸ்டர் இருந்தது, ஒன்று நிஜம், இன்னொன்று ஆடிட்டருக்கு. கைரேகை வருகைப்பதிவு வந்தபோது இந்த இரட்டைக் கணக்கு ஒழிந்துவிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். ஒரு கம்பெனியில் பே-ரோல் சாஃப்ட்வேர் விற்க வந்தவர் டெமோ காட்டும்போது மெனுவில் இரண்டு ரிப்போர்ட்டுகளைத் திறந்து காட்டினார். ஒன்றில் ஊழியர் இரவு எட்டரைக்கு வெளியே போகிறார். இன்னொன்றில் அதே நாள், அதே ஆள், ஐந்தரைக்குச் சில நிமிடம் முன்னே பின்னே. "நேரத்தைத் தானாகவே கலைத்துப் போடும் சார், ஒரே மாதிரி வராது, ஆடிட்டர் கண்டுபிடிக்க முடியாது" என்றார் பெருமையாக. கையால் எழுதிய பொய்யில் ஒரே மை, ஒரே கையெழுத்து என்று ஏதாவது தடயம் கிடைக்கும். மெஷின் எழுதிய பொய்யில் அதுவும் இல்லை.

இப்போது இன்னொரு பக்கம். பிஎஃப்புக்கு 2014இல் யுஏஎன், அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே எண், வந்தது. அதற்கு முன்னால் சம்பளத்தில் பிஎஃப் பிடித்தம் செய்து, கட்டாமலே விட்ட கம்பெனிகளைப் பற்றித் தொழிலாளிக்கு வேலையை விட்டு நின்ற பிறகுதான் தெரியும். அதுவும் கம்பெனி மாறும்போதெல்லாம் புது நம்பர், பழைய பணம் அப்படியே கிடக்கும். இன்று செக்கிங் செக்ஷனில் வேலை பார்க்கும் அக்கா டீ டைமில் அரசாங்கத்தின் உமாங் ஆப்பைத் திறந்து பாஸ்புக்கைப் பார்க்கிறார். ஒருமுறை ஒரு அக்கா என்னிடமே போனை நீட்டி, "மூணு மாசமா ஏறவே இல்லைங்க, சம்பளத்துல மட்டும் புடிச்சுட்டாங்க, நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றார். தேதியும் தொகையும் திரையில் இருக்கிறது, யாரும் மழுப்ப முடியாது. அந்த மாதமே மூன்று மாத பாக்கியும் கட்டப்பட்டது. 14 வருடத்தில் நான் தயாரித்த எந்த ஆடிட் ரிப்போர்ட்டும் இந்த ஒரு பாஸ்புக் பக்கத்தைப் போல வேலை செய்யவில்லை. வருகைப்பதிவு மெஷினும் டிஜிட்டல்தான், பிஎஃப் பாஸ்புக்கும் டிஜிட்டல்தான். முதலாவதில் தரவு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டாவதில் கம்பெனியால் தொட முடியாத இடத்தில் இருந்து, தொழிலாளியின் கைக்கே நேராக வருகிறது.

புகார் ஆப்புகளைப் பற்றியும் கேட்பீர்கள். ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்ததிலிருந்து, ஃபேக்டரித் தொழிலாளி பையருக்கே நேராகப் புகார் அனுப்பும் க்யூஆர் கோடுகள் எல்லாச் சுவரிலும் ஒட்டப்பட்டன. ஒரு பயிற்சி வகுப்பில் நான் அதை விளக்கி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "இதுல அனுப்புனா யாருக்குங்க போகும்? என் நம்பர் அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி, ஆனால் அதற்கு நேராகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பெயர் வெளியே போகாது என்று பையர் சொல்கிறார், ஆனால் போஸ்டர் ஒட்டியிருப்பது சூப்பர்வைசர் மேஜைக்கு எதிரில்.

இதற்கு நேர்மாறாக 2022இல் வந்த திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்காக, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் தொழிற்சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் போட்டது. ஹெச்அண்ட்எம், கேப், பிவிஹெச் ஆகிய பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டன. அங்கே உற்பத்தித் தளத்திலேயே வேலை பார்க்கும் பெண்கள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பக்கத்து மெஷினில் இருக்கும் பெண்ணிடம் சொன்னால் போதும், அவருக்குப் பின்னால் சங்கமும் ஒப்பந்தமும் நிற்கும். ஆப் செய்யாததை இது செய்தது. ஆப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆப்புக்குப் பின்னால் நம்பத்தக்க ஒரு ஆள் இல்லாவிட்டால் அதில் யாரும் புகார் போட மாட்டார்கள், போடாததை "புகார் பூஜ்ஜியம்" என்று அறிக்கையில் சாதனையாக எழுதிவிடுவார்கள்.

பஞ்சு எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பத்துக்கும் இதே கதைதான். 2020இல் இந்திய ஆர்கானிக் பஞ்சில் பெரிய மோசடி நடந்ததை ஆர்கானிக் ஜவுளித் தரச்சான்று அமைப்பான காட்ஸ் கண்டுபிடித்தது. சுமார் 20,000 டன் பஞ்சு போலிச் சான்றிதழோடு ஓடியிருந்தது. சான்றிதழில் க்யூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் அரசாங்கத்தின் டிரேஸ்நெட் தளம் போலவே ஒரு தளம் திறந்து "உண்மையான சான்றிதழ்" என்று காட்டும். அந்தத் தளமே போலி! நாங்கள் எல்லாம் ஸ்கேன் செய்து பார்த்து, பச்சை டிக் வந்ததும் திருப்தியாக ஃபைலை மூடியவர்கள்தான். ஐரோப்பிய யூனியன் 2024 ஜூலையில் கொண்டுவந்த சட்டப்படி துணிகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. அதை நான் வரவேற்கிறேன், ஆனால் பஞ்சு மூட்டை, கொட்டை பிரிக்கும் ஜின்னிங் மில்லுக்குள் நுழையும் இடத்தில் யார் நின்று பார்த்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல், மேலே எத்தனை பிளாக்செயின் (எழுதியதை மாற்ற முடியாத டிஜிட்டல் பேரேடு) போட்டாலும் முதல் வரியில் எழுதிய பொய் பத்திரமாகப் பாதுகாக்கப்படும், அவ்வளவுதான்.

நிர்வாகப் பக்கம் வந்தால் சத்யம் கம்பெனியை மறக்கக்கூடாது. சாஃப்ட்வேர் கம்பெனி, டிஜிட்டலில் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதை 2008இல் வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று தலைவரே கணக்கு பொய் என்று கடிதம் எழுதினார். இன்வாய்ஸ் சிஸ்டத்துக்குள் ஒரு சூப்பர் யூசர் வழியாக 7,000க்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்களை நுழைத்து, மறைக்க வேண்டியவற்றை "ஹெச்" என்றும் காட்ட வேண்டியவற்றை "எஸ்" என்றும் குறியிட்டிருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. எங்கள் ஊர் இரண்டு ரெஜிஸ்டரின் பெரிய அண்ணன் அது.

ஆனால் இங்கே ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் எடிட் லாக் இருந்தே ஆக வேண்டும், அதை அணைக்க முடியக்கூடாது, வருடம் முழுக்க ஓடியதா என்று ஆடிட்டரும் எழுத வேண்டும். யார், எந்தத் தேதியில், எந்த எண்ட்ரியை மாற்றினார் என்பது பதிவாகும். இது வந்த முதல் வருடம் சின்னக் கம்பெனி அக்கவுன்டன்டுகள் பட்ட பாடு எனக்குத் தெரியும், மார்ச் மாதம் பின்தேதியிட்டு எண்ட்ரி போடும் பழக்கம் அப்படியே நின்றுபோன இடங்களும் தெரியும். இதேபோல பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் பிஆர்எஸ்ஆர், அதாவது கம்பெனிகள் தங்கள் இஎஸ்ஜி பற்றித் தரும் அறிக்கை, 2022-23 நிதியாண்டிலிருந்து முன்னணி 1,000 லிஸ்டட் கம்பெனிகளுக்குக் கட்டாயம். பங்குச் சந்தையில் எக்ஸ்பிஆர்எல் வடிவத்தில் தாக்கல் செய்கிறார்கள், அதாவது வெறும் படமாக இல்லாமல் கம்ப்யூட்டர் படிக்கும் தரவாக. ஒரு கம்பெனியின் விபத்து எண்ணிக்கையைப் போட்டிக் கம்பெனியோடு ஒரு மாணவர்கூட எக்ஸெல்லில் ஒப்பிட்டுவிடலாம். அதில் என்னைப் போன்றவர்கள் பெரிதாக நினைக்கும் ஒரு எண் இருக்கிறது: சப்ளையருக்குப் பணம் கொடுக்க எத்தனை நாள் எடுத்தார்கள் என்பது. ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டுக்கு 120 நாள் கழித்துப் பணம் வந்தால், அந்த யூனிட் எப்படி 7ஆம் தேதி சம்பளம் போடும்? சமூகப் பொறுப்பு என்று நான்கு பக்கம் படம் போடுவதைவிட அந்த ஒரு எண் அதிகம் பேசுகிறது.

டிஜிட்டலே போடும் சுமை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024இல் டேட்டா சென்டர்கள் சுமார் 41,500 கோடி யூனிட் கரண்ட் எடுத்தன, உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 1.5 சதவீதம். கூகுளின் 2023ஆம் ஆண்டு கார்பன் வெளியேற்றம் 2019ஐவிட 48 சதவீதம் அதிகம் என்று அவர்களே அறிக்கையில் எழுதினார்கள். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது, முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். கம்பெனிகள் க்ளவுடுக்கு மாறும்போது தங்கள் கரண்ட் பில் குறைவதை எழுதுகிறார்கள். அந்த பில் வேறு ஊரில் ஏறுவதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இன்னொரு சுமை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே பேசுவது. ஒரே கரண்ட் பில்லை ஹிக், செடெக்ஸ் என்னும் தரவுத் தளங்கள், பையரின் சொந்த போர்ட்டல் என்று நாலைந்து இடங்களில், நாலைந்து விதமான அலகுகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய குரூப்புகளுக்கு இதற்கென்று ஒரு டீமே இருக்கிறது. 40 மெஷின் வைத்திருப்பவருக்கு அவர் மகளோ, ஹெச்ஆர் பார்க்கும் ஒரே பெண்ணோதான். இரவு பத்து மணிக்கு எனக்கு போன் வரும், "அண்ணா, டீசலை லிட்டர்ல போடணுமா கிலோல போடணுமா?" என்று. தரவு கேட்பவர் அதற்கான செலவைத் தருவதில்லை, துணி விலையையும் ஒரு பைசா ஏற்றுவதில்லை. இந்த அழுத்தத்தில் எண்களைக் குத்துமதிப்பாகப் போடுபவர்களை நான் பார்க்கிறேன், அந்த எண்கள்தான் அப்புறம் லண்டனிலும் ஸ்டாக்ஹோமிலும் அழகான கிராஃபாக வருகின்றன.

இப்போது தம்பி படித்த ஆய்வுக் கட்டுரைகளுக்கு வருகிறேன். அவற்றில் பெரும்பகுதி சீனப் பங்குச் சந்தைக் கம்பெனிகளின் தரவை வைத்து எழுதப்பட்டவை. ஒரு கம்பெனி எவ்வளவு டிஜிட்டல் ஆகியிருக்கிறது என்பதை அவர்கள் பல நேரம் எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஆண்டறிக்கையில் "செயற்கை நுண்ணறிவு", "பிக் டேட்டா", "க்ளவுட்" போன்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி. மறுபக்கம் இஎஸ்ஜி மதிப்பெண், அதுவும் பெரும்பாலும் கம்பெனி வெளியிடும் தகவலை வைத்தே போடப்படுவது. நன்றாக அறிக்கை எழுதத் தெரிந்த கம்பெனி இரண்டிலும் கூடுதலாகத்தான் வாங்கும். போதாததற்கு, ஆறு பெரிய ரேட்டிங் நிறுவனங்களின் இஎஸ்ஜி மதிப்பெண்களை ஒப்பிட்ட பெர்க், கோல்பல், ரிகோபோன் ஆய்வில், அவற்றுக்கிடையிலான ஒட்டுறவு (முழுதாக ஒத்துப்போனால் 1) சராசரியாக 0.54தான். கடன் ரேட்டிங்கில் இது 0.9க்கு மேல். எதை அளக்கிறோம் என்பதிலேயே ஒத்துப்போகாதவர்களின் மதிப்பெண்ணை வைத்து "மேம்பட்டது" என்று முடிவு கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கட்டுரைகள் பொய் என்று சொல்லவில்லை, அவை சொல்வது வெளிப்படுத்துதல் கூடியிருக்கிறது என்பதை. நொய்யலில் என்ன ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

நீங்கள் ப்ராஜெக்ட் செய்வதாக இருந்தால் ஒரு யோசனை. பிஆர்எஸ்ஆர் அறிக்கையில் பிரிவு ஏ-வின் கடைசிப் பகுதியில் புகார் அட்டவணை இருக்கும்: உள்ளூர் மக்கள், முதலீட்டாளர், பங்குதாரர், ஊழியர் மற்றும் தொழிலாளர், வாடிக்கையாளர், சப்ளையர் என்று வரிசையாக, எத்தனை புகார் வந்தது, எத்தனை பாக்கி என்று. ஒரே துறையில் இருபது கம்பெனிகளை எடுத்து அந்த ஒரு அட்டவணையை மட்டும் பாருங்கள். வாடிக்கையாளர் புகார் ஆயிரக்கணக்கில் இருக்கும், பத்தாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் புகார் பூஜ்ஜியம் என்று இருக்கும். அந்தப் பூஜ்ஜியங்களைக் குறித்துக்கொண்டு, அதில் பக்கத்து ஊரில் ஆலை இருக்கும் கம்பெனி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் போய் உட்காருங்கள். புகார் போட ஆப் இருக்கிறதா, அதில் போட்டால் யாருக்குப் போகும் என்று பத்துப் பேரிடம் கேளுங்கள். கிடைத்த பதில்களோடு எனக்கு எழுதுங்கள், உங்கள் ப்ராஜெக்டுக்கு எந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று சேர்ந்தே யோசிப்போம்.